செய்திச் செயலிகளும் பாதுகாப்புக் குறைகளும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்த ஊராட்சி எலப்புள்ளி. இதன் அண்டையிலுள்ள கஞ்சிக்கோட்டில், பொதுத்துறை நிறுவனமான இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் பாலக்காட்டுப் பிரிவு 1976ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்காலத்தில் உரையாடலின் பாதுகாப்பு தொலைபேசி இணைப்பகத்தையும் கம்பித் தடத்தையும் சார்ந்திருந்தது. இன்று செய்திகள் கைப்பேசிச் செயலிகளின் வாயிலாகச் செல்கின்றன. பாதுகாப்பின் சுமையும் இணைப்பகத்திலிருந்து ஒவ்வொருவரின் கைப்பேசிக்கும் மாறியுள்ளது. இம்மாற்றத்தை மாணவர்களும் அலுவலர்களும் உணர்தல் வேண்டும்.

மறைகுறியாக்கமும் அதன் எல்லையும்

வாட்ஸ்அப் நிறுவனம் 2016 ஏப்ரலில் தன் செயலியில் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இம்முறையில், அனுப்புபவரின் கருவியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கப்படும். இடைவழியில் கைப்பற்றுவோருக்கு அது பயன்படாது. ஆயினும், படிப்பதற்காகக் கைப்பேசியில் செய்தி திறக்கப்பட்டே ஆக வேண்டும். அக்கைப்பேசியே பிறர் வசமாகுமாயின் மறைகுறியாக்கத்தால் பயனில்லை.

2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி

இவ்வுண்மையை 2019 மே மாதம் உலகுக்கு உணர்த்தியது. வாட்ஸ்அப்பின் குரல் அழைப்புப் பகுதியில் ஒரு குறை கண்டறியப்பட்டது. வரும் தரவுக்கென மென்பொருள் நினைவகத்தில் குறிப்பிட்ட இடத்தை ஒதுக்குகிறது. தரவின் அளவைச் சரிபார்க்கத் தவறினால், மிகுதி அடுத்த இடத்தில் படியும். பாத்தியின் கொள்ளளவுக்கு மேல் பாய்ச்சிய நீர் வரப்பைக் கடந்து அடுத்த பாத்தியில் புகுவதை இதற்கு ஒப்பிடலாம். அவ்வாறு படியும் தரவில் கட்டளைகளைப் புகுத்தினால், கைப்பேசி அவற்றை நிறைவேற்றும். எனவே, அழைப்பை ஏற்காதவரின் கருவியிலும் வேவு மென்பொருளை நிறுவ இயன்றது.

இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் மென்பொருள் இவ்வழியே ஏறத்தாழ 1,400 கருவிகளைக் குறிவைத்ததாகக் கூறி, வாட்ஸ்அப் 2019 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் 121 பயனர்கள் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என அந்நிறுவனம் அரசுக்குத் தெரிவித்திருந்தது. 2024 டிசம்பரில் என்.எஸ்.ஓ. பொறுப்பாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குறைகள் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில், ஆப்பிள் கருவிகளுக்கான வாட்ஸ்அப் செயலியிலும் ஆப்பிள் இயக்க மென்பொருளிலும் இருந்த இரு குறைகள் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று தெரியவந்தது. மனிதர் எழுதும் மென்பொருளில் பிழை நேர்வது இயல்பே. அது அறியப்பட்ட பின்னும் திருத்தாமல் விடுவதே பெருந்தீங்கு.

அலுவலர் கடமை

மென்பொருள் குறைகளைப் பற்றி எச்சரிக்கும் பணியை 2004 முதல் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு ஆற்றி வருகிறது. 2022 ஏப்ரலில் அது வெளியிட்ட ஆணையின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் அதற்குத் தெரிவித்தல் வேண்டும்.

செயலியையும் கைப்பேசியின் இயக்க மென்பொருளையும் காலந்தாழ்த்தாது புதுப்பித்தல் முதற்கடமை. 2019ஆம் ஆண்டுக் குறைக்கும் திருத்திய பதிப்பே மருந்தாயிற்று. செயலியுடன் இணைக்கப்பட்டுள்ள பிற கருவிகளை அவ்வப்போது சரிபார்த்து, தேவையற்றவற்றை நீக்குதல் அடுத்தது. இரகசியக் கோப்புகளையும் பயனாளிகளின் அடையாள ஆவணங்களையும் இத்தகைய செயலிகளில் அனுப்பாதிருத்தல் மூன்றாவது. ஊராட்சியை நம்பித் தன் விவரங்களை ஒப்படைக்கும் எளிய குடிமகனின் பாதுகாப்பு, அலுவலரின் இந்த விழிப்புணர்விலேயே அடங்கியுள்ளது.