மிதித்தால் முனகும் சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சைக்கிள் சத்தம் போட்டால் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது எண்ணெய்க் குப்பிதான். செயினில் நாலு சொட்டு, பெடலில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பார்கள். முனகல் அப்படியே இருக்கும். கடைக்குக் கொண்டுபோனால் "பி.பி. போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். மாற்றிய பிறகும் சத்தம் விடாது. அத்தோடு வெறுத்துப்போய் வண்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஏதோ ஒரு மரையில் கிரீஸ் காய்ந்த குறைக்காக நல்ல வண்டி துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தச் சத்தங்களைப் பற்றி வழிவழியாக நம்பிவரும் சிலவற்றை இங்கே எடுத்துப் பேசுகிறேன்.

நம்பிக்கை: சத்தம் எங்கே கேட்கிறதோ, அங்கேதான் கோளாறு.

சைக்கிளின் சட்டம் உள்ளே கூடான குழாய்களால் ஆனது. ஒரு முனையில் எழும் சத்தம் குழாய் வழியே ஓடி இன்னொரு முனையில் கேட்கும். சீட் கம்பி முனகினால் காலடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஹேண்டில் தண்டு முனகினாலும் அப்படித்தான். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது கைகளும் ஹேண்டிலைப் பிடித்து இழுப்பதால், மிதிக்கும் தாளத்திலேயே அதுவும் சத்தம் போடும்.

முனகல் பிறக்கும் விதம் எளிது. இறுக்கிப் பூட்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவே பளு ஏறும்போது மயிரிழை அளவு அசைவு இருக்கும். கிரீஸ் காய்ந்து தூசு புகுந்திருந்தால், இரண்டு பரப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிறகு சட்டென்று வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு 'கிறீச்'. ஆகவே சத்தம் எப்போது வருகிறது, அந்த நேரத்தில் பளு எந்தப் பாகத்தில் விழுகிறது என்று பாருங்கள். வெறும் காதை நம்புவதைவிட நல்ல துப்பு அதில் கிடைக்கும்.

போக்குவரத்து இல்லாத தெருவாகப் பார்த்து, மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரம், ஹப், ஸ்போக்ஸ், மட்கார்டு பக்கம் போகலாம். நின்றுவிட்டால் அடுத்த சோதனை: சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதியுங்கள். உட்கார்ந்தால் வந்து, எழுந்தால் மறையும் சத்தம் சீட், அதன் ஸ்பிரிங், சீட் கம்பி இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பெரும்பாலும் வரும். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தால் இடப்பெடலா வலப்பெடலா என்று தெரியும். வண்டியை நிறுத்தி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலின் இரு முனையையும் மாறி மாறி அழுத்தினாலே கேட்கிறதா? அப்படியானால் பெடல் பக்கம் போகவே வேண்டாம்.

எண்ணிப் பார்ப்பது இன்னும் நல்லது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியில் பெடல் ஒரு சுற்று வருவதற்குள் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடிவிடும். அதே வண்டியில் 112 கண்ணி உள்ள செயின் முழுதாக ஒருமுறை சுற்றிவர, பெடல் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். ஆகவே பெடலின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் வந்தால் பெடல் அல்லது கிராங்க். ஒரே சுற்றில் இரண்டு மூன்று தடவை வந்தால் பின்சக்கரம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று வந்தால் செயினில் ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. பெடலைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுங்கள். விறைத்த கண்ணி ஃப்ரீவீலை விட்டு வெளியே வரும்போது நிமிராமல் மடிந்தபடியே வருவது கண்ணுக்குத் தெரியும்.

நம்பிக்கை: மிதிக்கும்போது சத்தம் வந்தால் நடு அச்சு போய்விட்டது.

கடைக்காரர் பி.பி. என்று சொல்லும் நடு அச்சைக் கழற்றுவது பெரிய வேலை. சந்தேகப்படுவதில் அதைக் கடைசியாக வையுங்கள். நம் ஊரில் இன்றும் ஓடும் கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி காட்டர் பின்தான். கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரலைவிட மெல்லிய இந்த இரும்பு ஆப்புதான். அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை முகம் அச்சில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் முழுதாகப் படிய வேண்டும். தளர்ந்த பின்னைத் தட்டி வெளியே எடுத்துப் பார்த்தால் அந்த முகத்தில் படிபோல் ஒரு தேய்மானம் தெரியும். மிதிக்கும்போது 'டக்' என்று காலுக்கே தெரியும் அதிர்வு அதிலிருந்து வருகிறது.

புதுப் பின்னை வாங்கி அப்படியே அடித்து ஏற்றினால் சில நாளில் மறுபடி தளரும். நல்ல மிஸ்திரி அரத்தால் அதன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, செருகிப் பார்த்து, மறுபடி தேய்ப்பார். கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துத்தான் சுத்தியலால் அடிப்பார். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ஸிலும் கப்பிலும் விழுந்து அவற்றைக் குழியாக்கிவிடும். இரண்டு பின்களும் எதிரெதிர்ப் பக்கமாகப் போக வேண்டும். இல்லையென்றால் இரு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. நட்டின் வேலை, அடித்து ஏற்றிய பின்னைக் கழலாமல் பிடித்திருப்பது மட்டுமே. பின்னை உள்ளே இழுக்க நட்டையே முறுக்கினால் மரை போய்விடும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை தட்டி, நட்டை இறுக்க வேண்டும். இவ்வளவு பொறுமையாகச் செய்பவர் உங்கள் ஊரில் இருந்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

புது மாதிரி வண்டிகளில் காட்டர் இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பெடலின் மரை. இரண்டு பெடலையும் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டினாலே பல வண்டிகள் வாயை மூடிக்கொள்ளும். இடப்பெடலுக்கு எதிர்மரை என்பதை மறக்கக் கூடாது. விமானத்துக்கு முன்பு டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1900-இல் தங்கள் வண்டிகளில் இந்த எதிர்மரையைக் கொண்டுவந்தார்கள். மிதிக்க மிதிக்க இடப்பெடல் தானாகக் கழன்று போகாமல் அது காக்கிறது. பெடலுக்குப் பிறகு செயின் வீலைப் பிடிக்கும் போல்ட்டுகள், அதன் பிறகு கிராங்க் போல்ட்.

ஒரு வகை வண்டியில் மட்டும் நடு அச்சைச் சந்தேகிப்பது நியாயம். மரை இல்லாமல், சட்டத்துக்குள் பேரிங்கை அழுத்திச் செருகும் முறை 2000-இல் கேனண்டேல் நிறுவனத்தின் பி.பி.30 மூலம் பரவத் தொடங்கியது. துளையின் அளவு இம்மி பிசகினாலும் பேரிங் உள்ளே நெளிந்து முனகும். பல நிறுவனங்கள் இப்போது மறுபடி மரைக்கே திரும்பியிருக்கின்றன.

நம்பிக்கை: எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகும்.

செயின் காய்ந்தால் வருவது மெல்லிய 'கீச் கீச்'. அதற்கு எண்ணெய்தான் மருந்து. ஆனால் எண்ணெய் போய்ச் சேர வேண்டியது கண்ணியின் உருளைக்கு உள்ளே. உள்ளே இறங்கியதும் வெளியே இருப்பதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புழுதி ஒட்டி, அரைத்த பசையாகிச் செயினைத் தின்னும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் கழிவு இன்ஜின் ஆயிலில் கரியும் இரும்புத்துகளும் கலந்திருப்பதால் அது வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டி, கொடைக்கானல் காலைப்பொழுதில் செயினுக்குள் மெழுகாக நிற்கும்.

டபிள்யூ.டி-40 ஸ்பிரே 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. இறுகிய நட்டைக் கழற்ற அது அருமையான துணை. பேரிங்குக்குள் அடித்தாலோ உள்ளே இருக்கும் கிரீஸை இளக்கி வெளியேற்றிவிடும். சத்தம் இரண்டு நாள் நிற்கும். பிறகு பேரிங்கே போகும்.

நம்பிக்கை: இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும்.

காய்ந்த பரப்பை எவ்வளவு இறுக்கினாலும் முனகும். கழற்று, துடை, கிரீஸ் போடு, அளவாக இறுக்கு என்பதுதான் வரிசை. சீட் கம்பிக்கும் இதேதான்: உருவி எடுத்து, குழாய்க்குள் சேர்ந்திருக்கும் மண்ணைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூச்சோடு திரும்ப இறக்குங்கள். கார்பன் கம்பியாக இருந்தால் கிரீஸ் ஆகாது; அதற்கென்றே கரகரப்பான பசை விற்கிறது. ஹேண்டில் தண்டில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அதற்கு மேல் போகாதீர்கள். முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் தொட்டு, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாக ஓவராயில் செய்தால் சத்தம் நிற்கலாம். எதனால் நின்றது என்று தெரியாமலே போகும்.

நம்பிக்கை: பிரேக் கிறீச்சிட்டால் அதற்கும் ஒரு சொட்டு.

கூடவே கூடாது. ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, பிரேக் கட்டையின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி லேசாகச் சாய்த்துப் பூட்டுங்கள்.

நம்பிக்கை: சத்தம்தானே, ஓடும்வரை ஓடட்டும்.

சீட் ஸ்பிரிங் முனகினால் ஓட்டலாம். ஹேண்டில், தண்டு, கிராங்க் இவற்றிலிருந்து வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். ஓடும்போது ஹேண்டில் முறிந்தால் கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. எல்லாம் துடைத்துப் பூட்டிய பிறகும் பளு ஏறும்போது மட்டும் சத்தம் விடாமல் வந்தால் சட்டத்தைக் கழுவிவிட்டு, வெயிலில் நிறுத்தி, பற்றவைத்த இடங்களைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நடு அச்சைச் சுற்றியும், சீட் குழாயின் மேல்முனையிலும், ஃபோர்க் தலையின் கீழும் பெயிண்டில் மயிர்போல் ஒரு கோடு இருந்து, நகம் அதில் தட்டினால் அது விரிசலாக இருக்கலாம். அன்றோடு அந்த வண்டியில் ஏறக் கூடாது. குழாய்தான் விரிந்தது என்றால், இரும்புச் சட்டத்தை நல்ல வெல்டர் பற்றவைத்துத் தருவார். அலுமினியம் பற்றவைத்தாலும் அதற்குரிய வெப்பப் பதம் இல்லாமல் பழைய பலம் திரும்பாது; சட்டத்தை மாற்றிவிட்டு, நல்ல சக்கரங்களையும் செயினையும் புதுச் சட்டத்துக்கு எடுத்து வையுங்கள்.