குளத்துப் பறவைகளும் நம் குடும்பமும்

நம் திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று உலகம் அறியும். பனியன் கம்பெனி இயந்திரங்களின் ஓசை நமக்குப் பழகிய ஒன்று. அதே ஊரின் ஓரத்தில், ஊத்துக்குளி சாலைப் பக்கம், பறவைகளின் ஓசை நிறைந்த இடம் ஒன்று உள்ளது. அதுவே நஞ்சராயன் குளம்.

சர்க்கார் பெரியபாளையத்தில் சுமார் 125 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள இக்குளத்திற்கு நல்லாற்றின் வழியே நீர் வருகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்னும் மன்னர் இதைச் செப்பனிட்டதால் இப்பெயர் வந்தது என்பர். இங்கு 191 வகைப் பறவைகள் காணப்பட்டுள்ளன. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் முதலியவற்றை எளிதில் காணலாம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் இங்கு வருவதுண்டு. பிழைப்புத் தேடித் தொலைதூர மாநிலங்களிலிருந்து வரும் மக்களைப் போலவே, இப்பறவைகளும் நம் ஊரை நம்பி வருகின்றன.

தமிழக அரசு 2022-ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-ல் பல நாடுகள் கூடி, ஈரநிலங்களைக் காக்கச் செய்த ஒப்பந்தத்தின்படி அமைந்த பட்டியல் இது.

இப்பெருமைக்குப் பின்னால் பலரின் உழைப்பு இருக்கிறது. நம் ஊர்ப் பறவை ஆர்வலர்கள் விடுமுறை நாட்களில் குளக்கரைக்குச் சென்று, எந்தப் பறவை, எத்தனை என்று பல ஆண்டுகளாக எழுதி வந்தனர். சம்பளம் எதிர்பாராத தொண்டு அது. கம்பெனியில் பீஸ் கணக்கைத் தவறாமல் எழுதுகிறோம் அல்லவா? எழுதி வைத்த கணக்கு இருந்தால்தான் எது கூடியது, எது குறைந்தது என்று தெரியும். பறவைகள் குறைந்தால், நீருக்கு ஏதோ நேர்ந்திருக்கலாம் என்று நாம் விழித்துக்கொள்ளலாம்.

நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதை நொய்யல் நமக்குக் கற்பித்துள்ளது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர்கள் அந்நீரைப் பயன்படுத்த இயலவில்லை. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, அவற்றை நம்பிய தொழிலாளர் குடும்பங்களும் தவித்தன. ஆகவே நீரைக் காப்பது பறவைகளுக்கு மட்டுமன்று, நம் வீட்டு அடுப்புக்கும் செய்யும் தொண்டாகும்.

இத்தொண்டில் நாம் எவ்வாறு பங்கு பெறலாம்? தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும், எங்கிருந்தும் கலந்துகொள்ளலாம். பணம் தேவையில்லை, தொலைநோக்கி இல்லாவிடினும் குறையில்லை. குளக்கரையிலோ பூங்காவிலோ வீட்டு மாடியிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகம், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் கணக்கில் சேரும். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதலாகாது.

பொங்கலுக்குக் கம்பெனிகள் விடுமுறை. ஷிப்டு வேலையில் ஓய்வறியாத அம்மாவும் அப்பாவும் நம்மோடு இருக்கும் நாட்கள் அவை. தாத்தா பாட்டியிடம் கேட்டால், அவர்கள் காலத்தில் வயலில் கண்ட பறவைகளின் பெயர்களைச் சொல்வார்கள். அக்கா பார்க்க, தம்பி எண்ண, நாம் எழுதலாம். குளக்கரைக்குச் செல்வோர் சத்தமிடாமல், பறவைகளுக்குத் தீனி போடாமல், பிளாஸ்டிக் பைகளை எறியாமல் திரும்ப வேண்டும்.

அன்புத் தோழியரே! சிறு துளி பெருவெள்ளம். மரக்கன்று நடும் ஒரு நாள் விழாவோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று பார்ப்பதும் எழுதுவதும் பெருந்தொண்டே. பெற்றோரே, வரும் பொங்கலன்று எங்களுக்காக ஒரு காலைப்பொழுதைத் தாருங்கள். நோட்டும் பென்சிலும் நாங்கள் எடுத்து வருகிறோம்.