சோலோவைக் குறைத்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

வடக்கு மிசிசிப்பி மலைநாட்டு ப்ளூஸ் கலைஞர்களைக் கொண்டாடி ஒரு மாலைக் கச்சேரி நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். கூடவே அனுப்பிய பாடல் பட்டியலையும் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் உனக்கு ஒரு நீண்ட சோலோ. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உன்னுடையது சிகாகோ ப்ளூஸில் பழகிய கை. பன்னிரண்டு பார் சுற்று, மூன்று கார்டு, கிட்டார்காரர் முன்னால் வந்து நிற்க ஓர் இடம். மலைநாட்டு ஊர்களான கோமோ, செனடோபியா, ஹாலி ஸ்பிரிங்ஸ் பக்கத்து வாசிப்பு வேறு. பல பாடல்கள் ஒரே கார்டிலேயே நிற்கும். பாடகர் அடுத்த அடியை எடுக்கும்போதுதான் சுற்று முடியும். அதற்குக் கணக்கு கிடையாது. கட்டைவிரல் கீழ்ச்சுரத் தந்தியில் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். வார இறுதியில் வீட்டு விருந்துகளிலும் ஜூக் ஜாயிண்ட் எனும் கிராமத்து ஆட்டக் கூடங்களிலும் ஜனங்கள் விடிய விடிய ஆடுவதற்காக வளர்ந்த இசை இது. ஆடுகிறவர்களின் கால் நின்றுவிட்டால் அங்கே கிட்டார்காரருக்கு மதிப்பில்லை.

முதலில் ஃப்ரெட் மெக்டவலைக் கேள். கோமோவில் விவசாயம் பார்த்துக்கொண்டு அக்கம்பக்கத்து விருந்துகளில் வாசித்து வந்தவர். 1959இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது மெக்டவல் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பாடிக்கொண்டே வந்து வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிடுவார். விட்டதை ஸ்லைடு சொல்லி முடிக்கும். அவருடைய பாடல்களை நீ பாடியபடியே வாசிக்க வேண்டும். பாட்டைக் குழுவில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நீ ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிதான் தேறும்.

ஜூனியர் கிம்ப்ரோவின் ‘ஆல் நைட் லாங்’ ஆல்பம் 1992இல் வந்தபோது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். சுலஹோமாவில் அவர் நடத்திய ஜூக் ஜாயிண்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் கூட்டம் கூடும். அந்த ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன். பேஸ் கிட்டார், ஆர்.எல். பர்ன்சைடின் மகன் கேரி. அப்பாக்கள் இருவரும் அந்த வட்டாரத்தின் பெரிய பெயர்கள். ஆனாலும் ஒருவர் பிள்ளை மற்றவர் குழுவில் வாசித்தான். அந்த மூவரையும் கேட்டால் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உன் ட்ரம்மரோடு ஒரே ரிஃப்பைக் கால் மணி நேரம் வாசித்துப் பார். எங்கே சலித்து அலங்காரம் சேர்க்கிறாயோ, அங்கேதான் உனக்குப் பயிற்சி தேவை.

பட்டியலில் ஒரு பெண் பெயரும் இல்லையே! ஜெஸ்ஸி மே ஹெம்ஃபிலைச் சேர். தாத்தா சிட் ஹெம்ஃபில் கண் தெரியாத பிடில்காரர். 1942இலேயே லோமாக்ஸ் அவரைப் பதிவு செய்திருக்கிறார். பேத்தி புல்லாங்குழல்–முரசு குழுக்களில் முரசு அடித்தவர். கிட்டார் வாசிக்கும்போது காலில் டாம்பரினைக் கட்டிக்கொண்டு தாளத்தையும் தானே பார்த்துக்கொள்வார். 1993இல் பக்கவாதம் வந்து கிட்டார் போயிற்று. அதன் பிறகும் டாம்பரினோடு பாடினார். அந்த முரசு வழியில் வந்த ஓதா டர்னரையும் தேடிக் கேள். மூங்கில் போன்ற நாணலில் தானே துளையிட்டுக் குழல் செய்து ஊதியவர். ஆர்.எல். பர்ன்சைடின் கிட்டாரில் கேட்கும் நடை எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

இன்னொன்று. மேடை அறிவிப்பில் இவர்களை ‘உலகம் மறந்த ஏழைக் கலைஞர்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறாய். அடித்துவிடு. பருத்திக்காட்டு உழைப்பும் நிறவெறியும் அவர்கள் வாழ்க்கையில் இருந்தன. அதைச் சொல், மறைக்காதே. ஆனால் லோமாக்ஸும், கிம்ப்ரோவின் ஆல்பத்தை வெளியிட்ட ஃபேட் பாசம் நிறுவனமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அண்டை அயலார் அவர்களைத் தேர்ந்த வித்வான்களாக அறிந்திருந்தார்கள். உன் அறிவிப்பில் அந்தத் தேர்ச்சி முதலில் வரட்டும். பாட்டு யாருடையது, ஊர் எது, யாரிடம் கற்றார் என்பதை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் சொன்னால் போதும்.

இந்த மரபு முடிந்துபோனதாகவும் பேசாதே. ஆர்.எல். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பதின்மூன்று வயதிலேயே தாத்தாவுக்கு ட்ரம்ஸ் வாசிக்கக் கிளம்பியவர். தாத்தா 2005இல் காலமானார். பேரன் கிட்டாரை எடுத்துச் சொந்தப் பாட்டுகள் எழுதி, 2022இல் ‘ஐ பீ ட்ரையிங்’ ஆல்பத்துக்கு கிராமி வாங்கினார். பழைய பாட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. தாளத்தைத் தாத்தாவிடம் வாங்கினார், சொல்ல வேண்டியதைத் தன்னிடமிருந்து எடுத்தார்.

ஆகவே பட்டியலைத் திருத்து. பத்துப் பாட்டை ஆறாக்கு. ஒவ்வொன்றுக்கும் தாராளமாக நேரம் விடு. சோலோ ஒன்று போதும், அதுவும் கடைசிப் பாட்டில். முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிடச் சொல்; ஆடுகிறவர்களுக்கு இடம் வேண்டும். ஒத்திகைப் பதிவை அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்