கால் இழந்த படைவீரர், 14 ஆண்டு கழித்துத் தொட்ட குண்டு: நமக்கு என்ன பாடம்?

2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ். ஆண்கள் குண்டு எறிதல், எஃப் 57 பிரிவு. நாகாலாந்தின் திமாப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் ஹோகாடோ ஹோடோஷே செமா, உட்கார்ந்தபடியே 14.65 மீட்டர் தூரம் எறிந்து வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 40.

17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். 2002-ல் ஜம்மு காஷ்மீரில் ஊடுருவல் தடுப்புப் பணியில் இருந்தபோது கண்ணிவெடி வெடித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். குண்டு எறியத் தொடங்கியது 2016-ல். அவரது உடல் வலிமையைக் கவனித்த புணே செயற்கை உறுப்பு மைய அதிகாரி ஒருவர் ஊக்கம் கொடுத்ததுதான் தொடக்கம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. காயத்துக்கும் களத்துக்கும் நடுவே 14 ஆண்டுகள். திறமை உடம்பில் இருந்தது. அதைப் பார்த்து வழி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நீங்களும் இருக்கலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

விளையாட்டும் ஒரு சிகிச்சை

போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர் டாக்டர் லுட்விக் குட்மேன். விளையாட்டையும் அவர் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், காயமடைந்த 16 படைவீரர்களுக்கு அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸின் விதை அதுதான்.

நம் நாட்டிலும் இப்படித்தான். 1965 போரில் குண்டடிபட்டவர் முரளிகாந்த் பேட்கர். அதற்கு முன் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். காயத்துக்குப் பின் சிகிச்சைக்காக நீச்சலுக்குள் வந்தார். 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்து, இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"கால் இல்லாம எப்படி எறிவாங்க?"

பலரும் கேட்கும் கேள்வி இது. எஃப் 57 பிரிவில் வீரர் உட்கார்ந்து எறிவதற்கென்றே ஓர் இருக்கை உண்டு. அது நகராதபடி தரையோடு சேர்த்துக் கட்டப்படும். ஓடிவந்து எறிய முடியாது. தோள், கை, இடுப்புக்கு மேலுள்ள உடம்பு ஆகியவற்றின் பலம்தான் தூரத்தைத் தீர்மானிக்கும்.

போட்டி நியாயமாக இருக்க, ஒவ்வொருவரின் உடல் இயக்கத்தையும் நிபுணர்கள் சோதித்துப் பிரிவு ஒதுக்குவார்கள். இதை 'வகைப்பாடு' என்பார்கள். மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதம் வேற, இந்த வகைப்பாடு வேற. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

போனை எடுங்க, தொடங்குங்க

படியொன்று: தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.). ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் போன் மூலமே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்க. மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் போக வேண்டும். பதிவு எண்ணைக் குறிச்சு வெச்சுக்கிட்டா, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்குன்னு போனிலேயே பார்க்கலாம்.

படி இரண்டு: முன்னாள் படைவீரர் என்றால், அடையாள அட்டையும் படைப்பணி ஆவணங்களும் எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. மற்றவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

படி மூன்று: மாவட்ட விளையாட்டு அலுவலரைச் சந்தித்து, எந்த விளையாட்டுக்குப் பயிற்சி கிடைக்கும்னு கேளுங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அறிவிப்பு வரும்போது இணையவழியில் பதிவு செய்யலாம்.

படி நான்கு: பயிற்சிக்கு முன் மருத்துவர் ஆலோசனை கட்டாயம். செயற்கைக் கால் பொருத்தியவர்கள், கால் உரசும் இடத்தில் புண் இருக்கான்னு தினமும் பார்த்துக்கணும்.

எல்லாருக்கும் பதக்கம் கிடைக்காது. கிடைக்கணும்னு அவசியமும் இல்லை. காலையில் எழுந்ததும் "இன்னிக்கு மைதானத்துக்குப் போகணும்" என்ற ஒரு வேலை இருந்தால், அதுவே ஒரு மனிதரை வீட்டு மூலையிலிருந்து வெளியே கொண்டுவரும்.

உங்க தெருவில், உங்க சொந்தத்தில் காயத்தோடு வீட்டுக்குத் திரும்பிய ஒருவர் இருக்கிறாரா? இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்புங்க. அனுப்பியதோடு விடாமல், முதல் நாள் அலுவலகத்துக்குக் கூடவே போய் வாங்க. இன்னொருவர் 14 ஆண்டு காத்திருக்க வேண்டாம்.