வாரக் கூலியும் வீட்டுக் கணக்கும்

சங்கத்தின் ஐந்தொகை சரியாக இருக்கிறதா என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கும் உறுப்பினர்கள் பலர் உளர். தம் வீட்டின் ஐந்தொகையை எழுதிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இதை அசட்டை என்று நாம் குறை கூறமாட்டோம். ஆறு நாள் தறியில் அமர்ந்து, சனிக்கிழமை மாலை கையில் வாங்கிய கூலி வியாழக்கிழமை காலைக்குள் கரைந்துவிடுமானால், எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயற்கையே. ஆயினும் அத்தகைய வீட்டுக்குத்தான் கணக்கு மிகுதியும் வேண்டும் என்பது நம் கருத்து. ஏன் என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாக ஆராய்வோம்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் ரூபாய்க்கு 8 பணம், பணத்துக்கு 24 காசு என்ற கணக்கு வழங்கியது. அஞ்சல் தலைகளில்கூட அவ்வாறே அச்சிடப்பட்டது. ரூபாய்க்கு 192 காசு. அதை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் எளிதாக வகுக்கலாம். ஏழால் மட்டும் மீதியின்றி வகுக்க இயலாது. வாரம் என்பது அன்றும் கணக்குக்கு முரண்டு பிடித்ததுதான்! இன்றைய தொல்லை காசில் இல்லை. நமக்குக் கூலி வாரத்தில் வருகிறது. வாடகையும் மின்கட்டணமும் மாதத்தில் கேட்கப்படுகின்றன. பள்ளிச் செலவும் பண்டிகையும் ஆண்டுக்கு ஒரு முறை வந்து நிற்கின்றன. வாரத்தையும் மாதத்தையும் ஆண்டையும் ஒரே பையில் போட்டுக் கலந்துவிடுவதே பல வீடுகளில் முதற் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உறுப்பினர்கள் தத்தம் எண்களை இட்டுப் பார்க்க. முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் கணவன், மனைவி, இரு குழந்தைகள். இருவர் உழைப்பிலும் வாரத்துக்கு 3,000 ரூபாய் வருகிறது. மாத வாடகை 4,000, எரிவாயு 900, மின்கட்டணம் 300, ஆக மாதச் செலவு 5,200 ரூபாய். இதை நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 1,300. சனிக்கிழமை கூலி வாங்கியவுடன் இந்த 1,300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். எஞ்சிய 1,700 ரூபாய்தான் அந்த வாரத்துக்கு உரியது. அதை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 242 ரூபாய் சொச்சம். நான்கு வயிற்றுக்கு இது குறைவான தொகை என்பதில் ஐயமில்லை. ஆனால் 3,000 என்று எண்ணிச் செலவு செய்யும் வீட்டைவிட, 242 என்று அறிந்து செலவு செய்யும் வீடு வியாழக்கிழமையைப் பத்திரமாகத் தாண்டும்.

இனி இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. மாதத்துக்கு நான்கு வாரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 48 வாரம்தான் ஆகிறது. உண்மையில் ஆண்டுக்கு 52 வாரம் உண்டு. எஞ்சிய நான்கு வாரங்களும் ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் வந்து சேருகின்றன. 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் ஜனவரி, மே, ஆகஸ்டு, அக்டோபர் ஆகிய நான்கும் அத்தகைய மாதங்கள். அந்த ஐந்தாம் சனிக்கிழமைகளில் வாடகைக்கென்று எடுத்து வைக்கும் 1,300 ரூபாய்க்குக் கேட்பார் இல்லை. அது வீட்டுக்கே உரியது. நான்கு முறையும் சேர்ந்தால் 5,200 ரூபாய். மே மாதத்து ஐந்தாம் சனி 30ஆம் தேதி. பள்ளிச் செலவு வாயிற்படியில் நிற்கும் வேளை. அக்டோபரில் அது 31ஆம் தேதி. தீபாவளி நவம்பர் 8. ஆண்டுதோறும் பண்டிகைக்குக் கடன் வாங்கும் வீட்டில், புது ஆண்டு நாட்காட்டியை மாட்டியவுடன் இந்த நான்கு தேதிகளையும் வட்டமிட்டு வைக்கும்படி தாய்மார்களுக்குச் சொல்லுவோம்.

பயிரிடும் உறுப்பினர்களுக்கு நிலைமை நேர்மாறானது. பாகூர்ப் பக்கத்தில் நெல் விற்ற பணம் ஒரே நாளில் வருகிறது. அடுத்த அறுவடை வரை அதுவே வர வேண்டும். அவர்கள் விதைக்கும் உரத்துக்கும் கூலியாளுக்கும் ஆனதை ஒதுக்கிய பின், மீதியை அடுத்த அறுவடை வரை உள்ள வாரங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ள வேண்டும். வரும் விடை பெரும்பாலும் அதிர்ச்சி தரும். பணம் வந்த நாளிலேயே அந்த அதிர்ச்சியை அடைவது, பணம் தீர்ந்த நாளில் அடைவதைவிட மேல்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. 2015 செப்டம்பரில், உணவு மானியத்தை அரிசியாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் முறை இந்தியாவிலேயே முதலாகத் தொடங்கப்பட்ட இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. அதன் நன்மை தீமைகளைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். வீட்டுக் கணக்கின் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெளிவு. அரிசி மூட்டையைக் கடன்காரர் கேட்க மாட்டார். வங்கியில் ஏறிய பணத்தைக் கேட்பார். கைபேசிக் கட்டணமும் மருந்துச் சீட்டும் அதைக் கேட்கும். அரிசிக்கென்று எப்போது பணம் வந்தாலும், அன்றே அதை அரிசியாக மாற்றிவிட வேண்டும் என்பதே நம் ஆலோசனை. குதிரில் இருக்கும் வரைதான் அது அரிசி.

இப்போது கடனுக்கு வருவோம். வியாழக்கிழமைப் பள்ளத்தை நிரப்ப வருபவர் தண்டல்காரர். ஆயிரம் ரூபாய் என்று பெயர். முதலிலேயே 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 ரூபாய் தருகிறார். வாரம் 100 ரூபாய் வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். “நூற்றுக்குப் பத்துதானே வட்டி” என்று உறுப்பினர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. அவ்வளவுதானா என்று பார்ப்போம். வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், பத்து வாரத்திலும் சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் ஏறத்தாழ 500 ரூபாய்தான். 500 ரூபாய்க்குப் பத்து வாரத்தில் 100 ரூபாய் வட்டி என்றால் வாரத்துக்கு நூற்றுக்கு 2. ஆண்டுக்கு 52 வாரம். ஆகவே நூற்றுக்கு நூறுக்கும் மேல்! சங்கத்தில் கடன் வாங்க நான்கு கையெழுத்து வேண்டும் என்று சலித்துக்கொள்பவர்கள், கையெழுத்தே கேளாத கடனின் விலையையும் ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து மீள வழி, ஒரு வாரக் கூலியை முன்னதாகச் சேர்த்து வைப்பது. இந்தச் சனிக்கிழமை வாங்கிய கூலியை அடுத்த சனிக்கிழமைதான் தொடுவது என்ற நிலைக்கு வீடு வந்துவிட்டால், தண்டலுக்கு வேலை இல்லை. வாரம் 60 ரூபாய் வீதம் 50 வாரத்தில் 3,000 ரூபாய் சேரும். ஐந்தாம் சனிக்கிழமைப் பணத்தில் பாதியையும் இதனோடு சேர்த்தால் இன்னும் விரைவில் கைகூடும். இத்தொகையைப் பானையில் வைத்தால் நிற்காது. கூலி கைக்கு வருமுன் சங்கத்திலேயே சிக்கன நிதிக்குப் பிடித்தம் செய்துகொள்ளச் சொல்வதே நல்லது. நீண்ட காலமாகக் கைத்தறிச் சங்கங்கள் இம்முறையைக் கையாள்வது காரணமில்லாமல் அன்று.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் கூட்டுறவு பிறந்த கதையும் இத்தகையதே. அங்கே 28 பேர், அவர்களுள் பலர் கம்பளி நெசவாளர்கள், தொடக்கத்தில் வாரம் இரண்டு பென்னி வீதம் சேர்த்து, 28 பவுன் முதலீட்டோடு, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடையைத் திறந்தனர். மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி, இவ்வளவே சரக்கு. கடன் கிடையாது, ரொக்கத்துக்கே விற்பனை. அதைக் கடுமை என்று நினைப்போர் உண்டு. ஆனால் கடனுக்கு வாங்குபவன் கடைக்காரர் சொன்ன விலைக்கும் சொன்ன எடைக்கும் கட்டுப்பட்டவன் என்பதை அந்த நெசவாளர்கள் தம் வயிற்றாலேயே கற்றிருந்தனர். ஒரு வார ரொக்கம் கையிலிருந்தால் நம் தாய்மார்களும் எண்ணெயைச் சிறு உறையாக நாள்தோறும் வாங்காமல் லிட்டராக வாங்கலாம். பெரிய மார்க்கெட்டில் விலை கேட்டு, வேண்டாம் என்று அடுத்த கடைக்கு நடக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் மறையாது கூற வேண்டும். தறி மேடையிலிருந்து இறங்கி ஒரு குவளைத் தேநீர் குடிப்பவரிடம், அதை நிறுத்தினால் வீடு கட்டலாம் என்று உபதேசிப்போர் உளர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே சிக்கனம் என்பது பட்டினியின் மறுபெயர். லண்டனில் லாம்பெத் என்னும் பகுதியில் 1909 முதல் 1913 வரை, மாட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையாரும் அவருடைய தோழியரும், வாரம் ஒரு பவுன் அளவில் வருவாய் உள்ள வீடுகளுக்கு நேரில் சென்று, அங்கிருந்த தாய்மாரைக் கொண்டே வாரக் கணக்கு எழுதச் செய்தனர். ஏழைப் பெண்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்று அந்நாளில் பலர் பேசிவந்தனர். கணக்குகள் வேறு கதையைச் சொல்லின. வாடகையே வருவாயில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிற்று. குழந்தை இறந்தால் அடக்கம் செய்வதற்கென்று வாரந்தோறும் காப்பீட்டுக்குப் பென்னி செலுத்தினர். உழைக்கும் ஆணுக்கு இறைச்சி; தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ரொட்டி. அத்தாய்மார் பணத்தை வீணாக்கவில்லை, பணம்தான் போதவில்லை. 1913இல் வெளிவந்த அந்நூல் இதை எவரும் மறுக்க முடியாதபடி காட்டியது.

நம் ஊரிலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது. 1936இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டு நின்றார்கள். வ. சுப்பையா அவர்களுக்கு வழிகாட்டினார். அவ்வாண்டு ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் மாண்டனர். மறு ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஏட்டில் எழுதவில்லை. ஆனால் வாரக் கூலி எத்தனை நாளைக்குக் காணும் என்பதை ஒவ்வொருத்தியும் அறிந்திருந்தாள். தொழிலாளர்கள் கேட்டதும் அந்தக் குறையைத்தான். ரோடியர் ஆலையாய் இருந்து பின்னாளில் ஏ.எஃப்.டி. எனப்பட்ட ஆலையும், சுதேசி, பாரதி ஆலைகளும் 2020இல் மூடப்பட்டன. ஆலைச் சங்கு கேட்டு அடுப்பு மூட்டிய வீடுகளில் இப்போது கணக்கு இன்னும் இறுக்கமாயிற்று.

ஆதலால் வீட்டுக் கணக்கு வீட்டோடு நிற்க வேண்டியதில்லை. சங்கத்தில் பாவுக் கூலி நிர்ணயிக்கும் கூட்டம் கூடும்போது, “கட்டுப்படியாகவில்லை” என்று பத்துப் பேர் சொல்வதைவிட, நான்கு வீட்டார் தம் நான்கு வாரக் கணக்கை மேசைமேல் வைப்பது வலிவுடையது. நிர்வாகக் குழுவுக்கும் அது மறுத்துப் பேச முடியாத சான்று. மேலிடத்துக்கு எழுதும்போது அவர்களும் அதை இணைத்து அனுப்பலாம்.

இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு; சனி முதல் வெள்ளி வரை ஒரு பக்கம். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளி செல்லும் பிள்ளை எழுதலாம். பெரிய செலவுகள் நினைவில் நிற்கும். பத்தும் இருபதுமாய்ப் போவதை அன்றிரவே எழுதிவிட வேண்டும். கைமாற்று வாங்கியதை வரவாக எழுதினால், அருகிலேயே யாருக்கு, எப்போது திருப்ப வேண்டும் என்றும் எழுதுக. வரவுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு பத்தி விட்டுக்கொள்ளுங்கள். தறி நின்ற நாட்களை அதில் குறித்து வாருங்கள். நூல் வரவில்லை, சாயம் வரவில்லை, மழை, காய்ச்சல் என்று காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். அடுத்த தணிக்கையின்போது நாம் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பத்தியைத்தான்.