கட்டப்படமும் கணினி நிரலும்

கணினிக்குக் கட்டளையிடுதல் என்றவுடன், எழுத்தும் எண்ணும் நிரையாய் அமைந்த நிரலே பலர்க்கும் நினைவில் எழும். வரைந்த படமும் நிரலாகும் என்பதற்குத் திருப்பூர்ப் பின்னற்கூடங்களே தக்க சான்றாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பின்னல் எந்திரத்தின் ஊசி ஒவ்வொன்றும் ஒரு வரிசையில் மூன்று செயல்களுள் ஒன்றைச் செய்யும். பழைய கண்ணியைக் கழற்றிப் புதுக்கண்ணி பின்னுதல் ஒன்று. பழையதைக் கழற்றாது புதுநூலையும் உடன் தாங்குதல் மற்றொன்று. நூலைக் கொள்ளாது வாளா இருத்தல் மூன்றாவது. இவை முறையே நிட், டக், மிஸ் எனப்படும். கட்டத்தாளில் பெருக்கற்குறி நிட்டையும், புள்ளி டக்கையும், வெறுங்கட்டம் மிஸ்ஸையும் குறிக்கும். படத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். முதல் வரிசையில் ஒற்றைப்படை ஊசிகளுக்குப் பெருக்கற்குறியும் இரட்டைப்படை ஊசிகளுக்குப் புள்ளியும் இடுக. இரண்டாம் வரிசை முழுதும் பெருக்கற்குறி. மூன்றாவதில் முதல் வரிசையை மாற்றி இடுக. நான்காவது இரண்டாவதை ஒக்கும். இரண்டு ஊசிக்கு எட்டுக் கட்டங்களே ஆயின. இவை மீண்டும் மீண்டும் வர, மேடுபள்ளமுடைய பிக்கே துணிவகை ஒன்று பிறக்கும். நிரலில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப இயங்குவதும் இதனோடு ஒக்கும்.

ஆதலின் ஒரு கட்டத்தின் பிழை துணி முழுதும் பரவும். ஒரே ஊசிக்குப் புள்ளிகள் பல தொடர்ந்து வரின், கொக்கியில் நூல் மிகுந்து இறுகி அறும், துணி ஓட்டையாகும். அதனைத் தாளிலேயே கண்டு திருத்துதல் படத்தின் பெரும்பயன். நூல் அறுந்தால் எந்திரம் நிற்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனையை இக்கட்டங்கள் கூறமாட்டா. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பழைய எந்திரங்களில் படத்தைப் பார்த்து மெக்கானிக் கேம்களை மாற்றிப் பொருத்துவார். கணினி ஜக்கார்டு எந்திரத்திலோ திரையில் வரைந்த கட்டமே ஊசிக்கு ஆணையாகிறது. 1804-இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு துளையட்டைகளால் தறியை இயக்கினார். பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு அம்முறையையே மேற்கொண்டார்.

நம் நாட்டில், 1974-இல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் கூடி, கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கண விதிகளைக் கணினியியல் முறையில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

வாசலிற் கோலமிடும் கையும், பின்னற்கூடத்திற் கட்டம் நிரப்பும் கையும் விதியறிந்து இயங்குவனவே. கட்டத்தாளில் வடிவம் அமைப்பாரை வெறுந்தொழிலாளர் என எண்ணுதல் தகாது, அவரும் நிரலாசிரியரே. மாணவர் அவர்பாற் சென்று கற்பாராயின், நூலறிவும் தொழிலறிவும் ஒருங்கே வளரும்.