ஜூன் 22ஆம் தேதி பாய் விரிக்கும் பிள்ளைக்கு

கண்ணு, யோகா கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்று நீ சொன்னதும் சந்தோஷப்பட்டேன். கூடவே கொஞ்சம் கவலையும் வந்தது. சிப்காட்டில் ஷிப்டு பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். நம் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக இதைத் தொடங்குகிறார்கள், எப்படிச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். உடம்பு வளையாமல் விட்டவர்கள் குறைவு. தன் உடம்பைப் பற்றித் தனக்கே பொய் சொல்லிக்கொண்டு, கடைசியில் அடிபட்டோ அலுத்தோ விட்டவர்கள்தான் அதிகம். அதனால் நான் எழுதுவதில் ஆசனம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

1. ஊர் பார்க்காத நாளில் தொடங்கு. ஐ.நா. சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டது; 2015 முதல் ஜூன் 21 உலக யோகா நாளாகிவிட்டது. அன்று காலையில் ஆலைகளில் பேனர் கட்டுவார்கள், ஒரே நிறத்தில் டி-ஷர்ட் கொடுப்பார்கள், வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அதை நான் பழிக்க மாட்டேன். பர்னஸ்காரரும் மேனேஜரும் ஒரே தரையில் உட்காரும் நாள் வருஷத்தில் வேறு ஏது? ஆனால் நீ 22ஆம் தேதி பாயை விரி. அன்று கைதட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள். முதல் சில மாதங்களுக்கு இதைப் பற்றி யாரிடமும் பேசாமலும் இரு. பேச ஆரம்பித்தால், பேசியதைக் காப்பாற்றுவதற்காகவே உடம்பை வருத்த வேண்டிவரும்.

2. பாய் என்றேனே, அதற்காகக் கடைக்கு ஓடாதே. வீட்டு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் போதும். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும். அதனால் நின்று செய்பவற்றை வெறுங்காலோடு தரையிலேயே செய்.

3. உன் ஷிப்டுக்குத் தக்கபடி நேரம் வை. விடியற்காலைதான் உத்தமம் என்று புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் நைட்டு பார்த்தவராக இருக்க மாட்டார். ரோலிங் மில்லில் என்னோடு ஒருவர் இருந்தார். நாலு மணிக்கு எழுந்தே தீருவேன் என்று சபதம் போட்டார். பி ஷிப்டு முடிந்து நள்ளிரவில் படுத்தாலும் நாலு மணிதான். அந்த வாரக் கடைசியில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே கண் செருகியது. பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்து இழுத்ததால் கை தப்பித்தது. அவருக்குத் தேவைப்பட்டது தூக்கம். அதை ஒத்துக்கொள்ள அவர் வைராக்கியம் விடவில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவர்கள் கடிகாரத்தை நம்பக் கூடாது. எழுந்த பின், சாப்பிடும் முன் என்று மட்டும் வைத்துக்கொள். அது காலை ஆறாக இருந்தாலும் சரி, மாலை நாலாக இருந்தாலும் சரி. நைட்டு முடித்து அறைக்கு வந்தால் தண்ணீர் குடி, குளி, படு. சூரிய நமஸ்காரம் காத்திருக்கும். கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

4. ஆசிரியரைத் தேடும்போது அவர் எவ்வளவு வளைகிறார் என்பதை விட்டுவிட்டு, உன்னிடம் எவ்வளவு விசாரிக்கிறார் என்று பார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறாய், ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, குடலிறக்கம் உண்டா, எலும்பு எங்காவது முறிந்ததா என்று கேட்க வேண்டும். பெண்ணென்றால் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் கையைத் தூக்கு என்பவரிடம் போகாதே. கேட்டால் நீயும் மறைக்காதே. மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லக் கூச்சப்பட்டு, எல்லோரோடும் சேர்ந்து குனிந்து, தலை சுற்றி விழுந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பெரிய ஆட்களின் வழியே இருக்கிறது. மைசூரில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். 1989இல் நூறு வயதில் மறையும்வரை இங்கேதான் இருந்தார். நோயோடும் வயதோடும் வந்தவர்களுக்கு ஆளைப் பார்த்து, தனித்தனியாக வகுத்துக் கொடுத்தார். மகன் தேசிகாச்சார் எஞ்சினியருக்குப் படித்தவர். மாத்திரை இல்லாமல் தூங்கவே முடியாமலிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து, நேற்றிரவு தூங்கினேன் என்று கிருஷ்ணமாச்சாரியாருக்கு நன்றி சொன்னதைப் பார்த்துத்தான் மனம் இந்தப் பக்கம் திரும்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கியவர் அவர். ஆளுக்குத்தான் யோகா பொருந்த வேண்டும், யோகாவுக்காக ஆளை முறுக்கக் கூடாது என்பது அவர்கள் வழி. அந்தப் பெண்மணி என்னென்ன ஆசனம் போட்டார் என்று எனக்கு அக்கறையில்லை. தூங்கினார் பார், அதுதான் நம்மைப் போன்ற நைட்டு ஷிப்டு ஆட்களுக்கு வேண்டிய சேதி.

5. எந்த யோகா உசத்தி என்று தேடியே மாதங்களை ஓட்டிவிடாதே. பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், தேசிகாச்சார் மூவரும் ஒரே கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர்கள்தான். ஒருவர் கட்டையும் கயிறும் நாற்காலியும் கொடுத்து நுணுக்கமாக நிற்கவைத்தார். ஒருவர் மூச்சோடு சேர்த்து ஓட்டமாகச் செய்யவைத்தார். ஒருவர் ஆளுக்கு ஆள் மாற்றினார். வீட்டுக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் சேர். பல ஊர்களில் மனவளக்கலை மன்றம் இருக்கும். அதைக் கொடுத்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். உடம்பால் உழைக்கிறவர்களின் அலுப்பு தெரிந்தவர். அவருடைய எளியமுறை உடற்பயிற்சி கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று போகும். உட்கார்ந்தும் படுத்தும் செய்பவையே அதில் அதிகம். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற காலுக்கு அதுவே பெரிய உபகாரம்.

6. பத்மாசனத்துக்கு அவசரம் வேண்டாம். பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டே வருஷக்கணக்கான பிள்ளைகள் இப்போது நிறைய. இடுப்பு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலில் இறங்கும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், திருகக் கூடாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் ஏற்றினான். ஏற்றியதைப் படம் பிடித்து அனுப்பினான். அதன்பிறகு வெகுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். நீ சுவரில் சாய்ந்து, தலையணையை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பது மூன்றே சூத்திரம்; அதில் எந்த ஆசனத்துக்கும் பெயர்கூடக் கிடையாது. நிலையாக, சுகமாக உட்கார முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

7. தலைகீழாக நிற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. என் ஆசிரியர், "முதலில் காலால் நிற்கக் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆலையில் நின்று நின்று ஒரே காலில் பாரம் போட்டுப் பழகியிருந்தேன். இரண்டு பாதத்திலும் சமமாக நிற்பது எனக்கே அப்போது புதுசு. உனக்கு அந்த ஆசை வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் ரயிலேறித் திருவாலங்காட்டுக்குப் போய்வா. நம் திருவள்ளூர் மாவட்டம்தான். கூத்தப்பிரானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. காளியோடு ஆடிய போட்டியில் விழுந்த காதணியைக் கால்விரலால் எடுத்துக் காதிலேயே மாட்டிக்கொண்டார் என்று கதை. ஊர்த்துவ தாண்டவத்தில் ஒரு கால் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பிள்ளைகள் அந்தக் காலைத்தான் பார்ப்பார்கள். நீ காரைக்கால் அம்மையாரையும் நினைத்துக்கொள். அந்தத் திருவடியின் கீழ் என்றும் இருக்கும் பேறு பெற்றவர் என்பார்கள். கயிலை மலையில் தன் கால் படக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். அவர் தலைகீழானது அடக்கத்தால். நாம் அதைச் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு செய்கிறோம். ரத்த அழுத்தம், கழுத்துத் தேய்மானம், கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு அந்த ஆசை அறவே வேண்டாம். மற்றவர்களும் ஆசிரியர் வா என்று கூப்பிடும்வரை கேட்காமல் இருக்கலாம்.

8. மூச்சைப் பிடித்துவைக்காதே. தொடங்குகிறவர்களுக்கு, இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். கபாலபதி, பஸ்திரிகா எல்லாம் ஆசிரியர் முன்னால்தான். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ கர்ப்பமோ இருந்தால் அதுவும் வேண்டாம். இன்னொன்றை நம் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் குளிர்காற்று மேலே ஏறாமல் தரையோடு கிடக்கும். உலைப்புகையும் அதோடு தங்கிவிடும். அந்நேரம் மொட்டைமாடியில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு அதைப் பிராணாயாமம் என்று சொல்லாதே. மூக்கில் நெடி பட்டால் உள்ளே போ, ஆசனத்தோடு நிறுத்திக்கொள். மதியத்துக்கு மேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று வரும். மூச்சுப் பயிற்சியை அப்போது வைத்துக்கொள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி தாண்டி உட்கார இடம் கிடைத்தாலும் முதுகை நிமிர்த்தி மெதுவாக மூச்சு விடலாம். கண்ணை மட்டும் மூடாதே, பை போய்விடும்.

9. வீட்டாரைத் திருத்தக் கிளம்பாதே. யோகா ஆரம்பித்த சூட்டில், வீட்டில் நெத்திலி வறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் ஒருவரைத் தெரியும். அந்த வீட்டில் மீனும் நிற்கவில்லை, சண்டையும் நிற்கவில்லை, யோகாதான் நின்றது. மீனை விட வேண்டுமா என்று கேட்பாய். பழவேற்காட்டு இறாலை விடச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது போகட்டும் என்பேன். குடித்துவிட்டுப் பாயில் உட்காராதே என்பேன். பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். அதற்கு முன்னால் இருக்கிறது யமம்: அடுத்த உயிரை வருத்தாதே, பொய் பேசாதே, திருடாதே. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த வரிசையில்தான் போகிறார். கேன்டீன் வரிசையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கிறவர், காலையில் எத்தனை நமஸ்காரம் செய்திருந்தால் என்ன?

10. சவாசனத்தை விட்டுவிட்டு எழுந்து ஓடாதே. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாட்களில் படுக்கத்தான் சொன்னார். காசு கொடுத்துப் படுக்கவா வந்தோம் என்று முணுமுணுத்தேன். படுத்த பிறகுதான் தாடையை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

11. விட்டுப்போகும். வீட்டில் கல்யாணம் வரும், ஓ.டி. வரும், ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும், காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வலிக்கும். வலி அடங்கும்வரை பேசாமல் இரு. திரும்பி வரும்போது, விட்ட இடத்தில் ஆரம்பிக்காமல் முதல் நாள் செய்ததிலிருந்து ஆரம்பி. உடம்பு சீக்கிரமே ஞாபகப்படுத்திக்கொள்ளும். வகுப்புக்குள் நுழைய வெட்கமாக இருக்கும். மாமா செத்துட்டார், பாட்டி செத்துட்டாங்க என்று காரணம் கட்டாதே. "விட்டுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பின் வரிசையில் ஜமுக்காளத்தைப் போடு. அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அவரும் எப்போதாவது விட்டுவிட்டுத் திரும்பி வந்தவராகத்தான் இருப்பார்.